வடசென்னைக் கல்லூரியில் பல்துறைப் பாடம்: பகுதிநேரமாக எடுக்க வருகிறவர்களுக்கு

முதுகலை முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட்டோ (தேசிய அளவு) செட்டோ (மாநில அளவு) தேறி, கல்லூரியில் வாரத்துக்குச் சில மணி நேரம் பாடம் எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் அவரவர் துறையின் முதன்மைப் பாடமாக இருக்காது. அவற்றை நிரந்தரப் பேராசிரியர்கள் ஏற்கெனவே பிரித்துக்கொண்டிருப்பார்கள். கால அட்டவணையில் ஆள் இல்லாமல் நிற்பவை வேறு: சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, மனித உரிமைகள், பாலினச் சமத்துவம், அரசியலமைப்பு அறிமுகம், அப்புறம் மாணவர்கள் என்.எம்.இ. என்று சுருக்கிச் சொல்லும் பிறதுறை விருப்பப்பாடம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம். ஒரே அறையில் பி.காம். மாணவர், வேதியியல் மாணவர், வரலாற்று மாணவர் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தப் பாடங்களைப் பலர் தண்டனை மாதிரி வாங்கிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு கல்லூரியில் வெவ்வேறு துறை மாணவர்கள் ஒரே கேள்வியை வைத்து ஒருவரோடு ஒருவர் பேசும் இடம் இது மட்டும்தான். முதன்மைப் பாடத்தில் கணக்குத் தெரிந்தவர்கள் கணக்குத் தெரிந்தவர்களோடு மட்டும் இருக்கிறார்கள். இங்கே மீன் விலையைக் கணக்குப் போடத் தெரிந்தவரும், அந்த மீனின் பெயர் தெரிந்தவரும், அதைப் பிடிக்கப் போகிற குடும்பத்திலிருந்து வந்தவரும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் இருக்கிறார்கள். இதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்துவிட்டால் பாடம் நடக்கும். எப்படி என்பதைத்தான் வேலைக்குச் சேர்வதிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

சேரும் முன் பார்க்க வேண்டியவை

வடசென்னையில் கல்லூரிகள் மூன்று வகை. பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடியில் டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, ஆர்.கே.நகர் அரசு கலை அறிவியல் கல்லூரி ஆகியவை அரசு நடத்துபவை. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி அரசு உதவி பெறுவது. மூன்றாவது வகை சுயநிதிக் கல்லூரிகள். உதவி பெறும் கல்லூரிகளிலும் சுயநிதிப் பிரிவு தனியாக இருக்கும். அது பெரும்பாலும் மாலை ஷிப்ட். நீங்கள் எந்தப் பிரிவில் சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சம்பளம், விடுமுறை, கையெழுத்துப் போடும் அதிகாரி எல்லாமே மாறும்.

அரசுக் கல்லூரியில் உங்கள் பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர். கல்லூரிக் கல்வி இயக்ககம் அறிவிப்பு வெளியிடும்போது இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நேரே போய்த் துறைத்தலைவரைப் பார்த்தால் மட்டும் வேலை கிடைத்துவிடாது. தொகுப்பூதியம் 2025-ல் மாதம் 25,000 ரூபாய், ஆண்டுக்கு 11 மாதம். மே மாதம் கையில் பணம் வராது என்பதை முன்கூட்டியே குடும்பக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் சொன்ன அளவு வேறு: ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய். இந்த இடைவெளியை நிரப்பக் கோரி கௌரவ விரிவுரையாளர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடி வருகிறார்கள். நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். புதிதாகச் சேர்பவர் அந்தச் சங்கங்களின் கூட்டத்துக்கு ஒருமுறையாவது போய்வருவது நல்லது. அரசாணை, நிலுவைத் தொகை பற்றிய தெளிவான தகவல் அலுவலகத்தில் கிடைப்பதைவிட அங்கே சீக்கிரம் கிடைக்கும்.

தகுதி எல்லா இடத்திலும் ஒன்றுதான்: முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண், பட்டியல் சாதி, பழங்குடி, வருமான வரம்புக்கு உட்பட்ட பிற பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 50. அதோடு நெட் அல்லது செட் தேர்ச்சி, இல்லையென்றால் முனைவர் பட்டம். சில சுயநிதிக் கல்லூரிகள் இதைத் தளர்த்தி ஆள் எடுக்கும். அங்கே சேரலாம், ஆனால் அந்த அனுபவம் பின்னால் அரசுத் தேர்வில் எண்ணப்படாமல் போகக்கூடும் என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

மணிக்கணக்கில் சம்பளம் தரும் இடமாக இருந்தால், சேரும் முன் இவற்றைக் கேட்டுவிடுங்கள். தேர்வு நாளில் வகுப்பு நடக்காவிட்டால் அந்த மணி நேரத்துக்குப் பணம் உண்டா? தேர்வறைக் கண்காணிப்புக்குத் தனியாகத் தருவார்களா, அல்லது சம்பளத்திலேயே அடக்கமா? மழைக்குக் கலெக்டர் விடுமுறை விட்டால்? நவம்பரில் இந்தக் கடைசிக் கேள்விக்கு வடசென்னையில் மதிப்பு அதிகம். கேட்கக் கூச்சப்படாதீர்கள். பதிலை நியமன ஆணையில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆணையே தராமல் "நாளையிலிருந்து வாங்க" என்றால், உங்கள் மின்னஞ்சலிலிருந்து துறைத்தலைவருக்கு, "இன்ன தேதியிலிருந்து இன்ன பாடம், வாரம் இத்தனை மணி நேரம் எடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள், நன்றி" என்று ஒரு வரி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அது ஆவணம்.

வருமான வரி பிடித்துக்கொண்டு கொடுத்தால், வரி பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஆண்டு வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால், கணக்குத் தாக்கல் செய்து அந்தப் பணத்தைத் திரும்பப் பெறலாம். நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பாடத்திட்டத்தைக் கையில் வாங்குவது

கல்லூரி தன்னாட்சி பெற்றதா, இல்லை சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை அப்படியே பின்பற்றுகிறதா என்று முதலில் கேளுங்கள். தன்னாட்சி என்றால் வினாத்தாளும் உள்ளேயே தயாராகும். பாடத்திட்டத்தைக் கொஞ்சம் நெகிழ்த்த இடம் இருக்கும். இல்லையென்றால் வெளியிலிருந்து கேள்வி வரும். மாணவர் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதியாக வேண்டும். பழைய வினாத்தாள்கள் சிலவற்றை நூலகத்தில் வாங்கிப் படித்துவிட்டுத்தான் வகுப்புத் திட்டம் போட வேண்டும்.

பாடத்திட்டம் வழக்கமாக ஐந்து அலகுகளாக இருக்கும். பல்துறைப் பாடத்தில் அந்த ஐந்தும் ஐந்து துறைக்குள் போய் உட்கார்ந்திருக்கும்: முதல் அலகு வரையறைகள், இரண்டாவது வரலாறு, மூன்றாவது சட்டம், நான்காவது பொருளாதாரம், ஐந்தாவது தீர்வுகள். இதே வரிசையில் எடுத்தால் ஒவ்வோர் அலகும் ஒரு துறையின் சுருக்கக் குறிப்பாக முடியும். வேதியியல் மாணவர் சட்ட அலகு வரும்போது தூங்குவார். வணிகவியல் மாணவர் அறிவியல் அலகு வரும்போது கேன்டீனுக்குப் போவார். பாடத்தின் பெயரில் பல்துறை இருக்கும், வகுப்பில் இருக்காது.

நான் சொல்லும் வழி இது. ஐந்து அலகையும் குறுக்கே வெட்டுகிற ஒரு பொருளை எடுங்கள். மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த, பார்த்த, விலை கொடுத்து வாங்கிய பொருளாக அது இருக்கட்டும். அதைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டே போனால் ஒவ்வொரு துறையும் தேவைப்படும் இடத்தில் தானாக வந்து சேரும். செமஸ்டருக்கு இரண்டு பொருள் போதும். மூன்று வைத்தால் அவசரம் வந்துவிடும்.

காசிமேட்டுத் தடைக்காலம்: முழு உதாரணம்

இரட்டைப்படை செமஸ்டர் ஏப்ரல் வாக்கில் முடியும். அதே ஏப்ரல் 15-ஆம் தேதி கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை நடக்கும், மொத்தம் 61 நாள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். இதை மார்ச்சிலேயே வகுப்புக்குள் கொண்டுவந்துவிடலாம்.

முதல் மணி நேரம் விலையில் தொடங்குங்கள். ஒவ்வொருவரும் தம் தெருப் பக்கத்து மீன் கடையில் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி ஆகிய மூன்றின் விலையை வாரம் ஒருமுறை கேட்டு எழுதி வர வேண்டும். கொருக்குப்பேட்டை விலை, பெரம்பூர் விலை, காசிமேட்டு விலை மூன்றும் ஒன்றாக இருக்காது. கரும்பலகையில் எழுதிப் போட்டாலே வகுப்பு பேச ஆரம்பித்துவிடும். மீன் சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்குப் பட்டியலைத் தொகுத்துச் சராசரி போடும் வேலையைக் கொடுங்கள்.

அடுத்த மணி நேரம் உயிரியல். ஏன் இந்த 61 நாள்? மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பது அதிகாரபூர்வமான காரணம். சரி, எல்லா மீனும் ஒரே பருவத்தில்தான் முட்டையிடுமா? இந்தக் கேள்வியை விலங்கியல் மாணவர் யாரிடமாவது கொடுத்து, அவர் துறை ஆசிரியரைக் கேட்டு வரச் சொல்லுங்கள். அந்த ஆசிரியரே வந்து பேசச் சம்மதித்தால் இன்னும் நல்லது. இந்த வேளையில் ஒரு தகவலை நீங்கள் தர வேண்டும்: இதே தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாநிலம், இரண்டு தேதி. ஏன் என்று கேட்டால் தென்மேற்குப் பருவமழை, கடல் நீரோட்டம், படகுகளின் பாதுகாப்பு என்று புவியியலும் உள்ளே வந்துவிடும்.

மூன்றாவது சட்டம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ல் வந்தது. தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும்தான்; நாட்டுப்படகுகள் போகலாம். இந்த வேறுபாட்டை வைத்து வகுப்பை இரண்டாகப் பிரித்து விவாதம் நடத்துங்கள். ஒரு பக்கம் விசைப்படகு உரிமையாளர், இன்னொரு பக்கம் நாட்டுப்படகுக்காரர். நடுவில் மீன்வளத் துறை அதிகாரியாக ஒரு மாணவி. சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்யச் சொன்னால் மறந்துவிடுவார்கள்; தன் தரப்புக்காகத் தேடிப் படித்த பிரிவு நினைவில் நிற்கும்.

நான்காவது பொருளாதாரம். வகுப்பு உச்சத்துக்குப் போவது இந்த மணி நேரத்தில்தான், ஆகவே நேரம் ஒதுக்கி வையுங்கள். தடைக்கால நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய். முன்பு 5,000 ஆக இருந்தது. 8,000-ஐ 61-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். நாளுக்கு ஏறக்குறைய 131 ரூபாய் வரும். அந்தப் பணத்தில் நான்கு பேர் இருக்கும் வீடு ஒரு நாளை எப்படி ஓட்டும் என்று மாணவர்களே பட்டியல் போடட்டும்: அரிசி, எரிவாயு, பால், பேருந்து, பள்ளிக் கட்டணம், வட்டி. பிறகு அடுத்த கேள்வி: துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், ஏலத்தில் எடுத்துத் தெருவில் விற்கும் பெண்கள், வலை பின்னுபவர், படகுக்கு டீசல் நிரப்புபவர் இவர்களெல்லாம் எந்தக் கணக்கில் வருகிறார்கள்? படகு நின்றால் யார் யாருக்கு வேலை நிற்கிறது என்று ஒரு படம் வரையச் சொன்னால் வணிகவியல் மாணவர்கள் அற்புதமாக வரைகிறார்கள். வழங்கல் சங்கிலி என்பது அவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் படித்த சொல். இங்கே அது தெரிந்த முகங்களாக வருகிறது.

ஐந்தாவது இலக்கியம். பரதவர் முழுநிலவு நாளில் கடலுக்குப் போகாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டு ஆடிய காட்சி பட்டினப்பாலையில் இருக்கிறது. கடலுக்குப் போகாத நாள் என்ற ஒன்று அந்தக் காலத்திலேயே இருந்தது. அதை விதித்தது அரசு இல்லை, அவர்கள் வழக்கம். இன்றைய தடைக்காலத்தையும் அந்த வழக்கத்தையும் பக்கத்தில் வைத்து, ஒரு கட்டுப்பாட்டை மக்கள் எப்போது தமதாக ஏற்கிறார்கள், எப்போது மேலிருந்து வந்ததாகப் பார்க்கிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். தமிழ்த்துறை மாணவர்கள் இந்த வகுப்பில் தலைநிமிர்ந்து உட்காருவார்கள். அவர்களுடைய படிப்பு மற்றவர்களுக்கு உதவுவதை அவர்களே பார்க்கிறார்கள்.

இப்போது பாடத்திட்டத்தின் ஐந்து அலகையும் எடுத்து, எந்த மணி நேரத்தில் எந்த அலகின் எந்தத் தலைப்பு முடிந்தது என்று ஓர் அட்டவணை எழுதிவிடுங்கள். இது கட்டாயம். துறைத்தலைவர் வேலைப் பதிவேட்டைப் பார்க்கும்போது "மீன் விலை" என்று எழுதியிருந்தால் கேள்வி வரும். "அலகு 4: வாழ்வாதாரமும் வளப் பாதுகாப்பும், நேர்வு ஆய்வு: மீன்பிடித் தடைக்காலம்" என்று எழுதியிருந்தால் வராது. இரண்டும் உண்மைதான்.

வேறு என்ன பொருள் எடுக்கலாம்

வடசென்னையில் இதற்குப் பஞ்சமே இல்லை. பி அண்ட் சி ஆலையை (பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் துணி ஆலை) எடுத்தால், அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரலில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், அதை வழிநடத்திய திரு.வி.க., பி.பி.வாடியா, 1921 வேலைநிறுத்தமும் அதையொட்டிப் புளியந்தோப்பில் வெடித்த கலவரமும், சாதியும் தொழிலாளர் ஒற்றுமையும் மோதிய இடம், 1996-ல் ஆலை மூடியது என்று ஒரு செமஸ்டரே ஓடும். இதில் சாதி வெளிப்படையாக வரும். அதை மழுப்பாமல், அதே நேரம் வகுப்பில் யாரும் யாரையும் சுட்டிக்காட்டாதபடி நடத்த வேண்டும். முதல் செமஸ்டரில் எடுக்க வேண்டாம். மாணவர்களை அறிந்த பிறகு எடுங்கள்.

பக்கிங்காம் கால்வாய் சுற்றுச்சூழல் கல்விக்குப் பொருத்தம். 1800-களின் தொடக்கத்தில் எண்ணூர் வரை வெட்டிய வாய்க்கால், 1877-78 பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பகுதி, உப்பும் விறகும் ஏற்றி வந்த படகுகள், இன்றைய சாக்கடை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை போனது இந்த வழியாகத்தான். சுற்றுச்சூழல் பாடம் நாடு முழுவதும் கட்டாயமானதற்குப் பின்னாலும் ஒரு வழக்கு இருக்கிறது: 1991-ல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் தொடர்ச்சி அது. "இந்தப் பேப்பர் எதுக்கு மேடம்?" என்று கேட்கிறவருக்கு இதைச் சொல்லலாம்.

ராயபுரம் ரயில் நிலையம், கொடுங்கையூர் குப்பைக்கிடங்கு, வியாசர்பாடிக் கால்பந்து, கானா என்று இன்னும் பல. உங்களுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆசிரியருக்கு ஆர்வம் இல்லையென்றால் மாணவர்கள் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வகுப்பறையில்

முதல் நாள் எல்லோரும் எழுந்து நின்று பெயரும் அப்பாவின் தொழிலும் சொல்லும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதற்குப் பதில் ஒரு துண்டுத்தாளில், "உங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வரும் வழியில் நீங்கள் தினமும் பார்க்கும் ஒன்று, அதைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று" என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. செமஸ்டருக்கான பொருள் அந்தத் தாள்களிலேயே கிடைக்கும்.

குப்பத்திலிருந்து வரும் மாணவரை "நீ சொல்லுப்பா, உங்க ஏரியாதானே" என்று எழுப்பி நிறுத்துவதும் வேண்டாம். பேச விரும்பினால் அவரே பேசுவார். அவர் வீட்டு வாழ்க்கை வகுப்புக்குப் பாடப்பொருள் ஆகலாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வடசென்னை என்றாலே வெட்டுக்குத்து என்று சினிமாவில் காட்டிக் காட்டி, இந்தப் பிள்ளைகள் வேலைக்கான நேர்காணலில் முகவரி சொல்லவே தயங்குகிறார்கள். நம் வகுப்பில் அவர்கள் ஊர் அறிவுக்குரிய இடமாக வர வேண்டும். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

மொழி பற்றி ஒன்று. பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கும், நீங்கள் தமிழில் விளக்குவீர்கள், விடை எந்த மொழியில் என்று மாணவருக்குக் குழப்பமாக இருக்கும். தமிழில் எழுத அனுமதி உண்டா என்பதைத் துறையில் கேட்டு முதல் வாரத்திலேயே அறிவித்துவிடுங்கள். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றால், ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அன்று பேசியதை நான்கு ஆங்கில வாக்கியமாக மாணவர்களே சேர்ந்து கரும்பலகையில் எழுதட்டும். செமஸ்டர் முடிவில் அதுவே அவர்கள் நோட்ஸ். தமிழ்ப் பழைய நூல்களுக்கும் கலைச்சொற்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் கைகொடுக்கும். அச்சு நூல் வேண்டுமென்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகம்.

காலை ஷிப்ட் மாணவர்கள் பலர் மதியத்துக்கு மேல் வேலைக்குப் போகிறவர்கள்: சௌகார்பேட்டை மொத்தக் கடை, பாரிமுனை கூரியர், உணவு டெலிவரி. "வீட்டில் போய் இருபது பக்கம் படித்து வா" என்பது நடக்காது. வகுப்பிலேயே பத்து நிமிடம் படிக்க வையுங்கள். ஒரு பக்கம், ஏ4 தாள், பெரிய எழுத்து. ஜெராக்ஸ் செலவை நீங்கள் ஏற்காதீர்கள்; துறை நிதியில் கேளுங்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

வெளியே அழைத்துப் போவது

ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து காசிமேடு வரை ஒரு காலை நடை போதும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று கிளம்பிய நிலையம், 1910-ல் கட்டிய பார்சி அக்கினிக் கோயில், புனித பேதுரு ஆலயம், கடைசியில் மீன்பிடித் துறைமுகம் எல்லாம் நடந்து போகும் தூரத்துக்குள் இருக்கின்றன. அக்கினிக் கோயிலுக்குள் பார்சிகள் தவிர மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. வெளியே நின்று பேசிவிட்டு நகர வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் கால் வைக்க இடம் இருக்காது, வார நாளில் போங்கள். ஏலம் விடியற்காலையில் நடக்கும். மாணவிகளை அந்த நேரத்தில் வரச் சொல்வது பல வீடுகளில் சிக்கலாகும் என்பதால் ஏலத்தை விட்டுவிட்டு ஏழு, ஏழரைக்குப் பிறகு போவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

முதல்வரின் எழுத்துபூர்வ அனுமதி, பெற்றோர் ஒப்புதல் கடிதம், உடன் ஒரு நிரந்தர ஆசிரியர் மூன்றும் இல்லாமல் போகாதீர்கள். ஏதாவது நடந்தால் பகுதிநேர ஆசிரியருக்குக் கல்லூரியில் பாதுகாப்பு குறைவு. அனுமதி கிடைக்கவில்லையா? மாணவர்கள் தனித்தனியாகத் தங்கள் தெருவைப் பார்த்து எழுதி வருவதே போதும்.

மதிப்பெண்

பல்கலைக்கழக முறையில் அகமதிப்பீடு 25, செமஸ்டர் தேர்வு 75. இளநிலையில் தேர்ச்சிக்கு மொத்தத்தில் 40 வேண்டும்; தேர்வில் மட்டும் 75-க்கு 30 எடுத்திருக்க வேண்டும். அகமதிப்பீட்டில் அள்ளிக் கொடுத்தாலும் எழுத்துத் தேர்வில் 30 வராவிட்டால் பயனில்லை என்பதை மாணவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஆகவே கடைசி மூன்று வாரம் பழைய வினாத்தாள்தான். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு எவ்வளவு எழுத வேண்டும், பத்து மதிப்பெண் கேள்விக்கு உள்தலைப்பு எப்படிப் போட வேண்டும் என்று எழுத வைத்துப் பழக்குங்கள். தடைக்காலத்தை உதாரணமாக வைத்து எழுதும் விடை, பொதுவாக எழுதுவதைவிட எப்போதும் நன்றாக இருக்கும்.

ஒப்படைப்புக்கு "உலக வெப்பமயமாதல்" என்று தலைப்புக் கொடுத்தால் இணையத்திலிருந்தோ செயலியிலிருந்தோ இறங்கிய ஒரே கட்டுரை நாற்பது பேரிடமிருந்தும் வரும். மூன்று வார விலைப் பட்டியல், ஒரு கடைக்காரரிடம் பேசியதன் குறிப்பு, அதிலிருந்து ஒரு கேள்வி என்று கேளுங்கள். கையால் எழுதிய நான்கு பக்கம். திருத்துவதும் உங்களுக்கு அலுக்காது.

இரண்டு கல்லூரியில் எடுப்பவர்களுக்கு

காலை ஒன்று, மாலை ஒன்று என்று ஓடுபவர்கள் நிறைய. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம் பயணம் எளிதாகிவிட்டது. தியாகராயா கல்லூரி என்றே ஒரு நிலையம் இருக்கிறது. வியாசர்பாடிப் பக்கம் அப்படி இல்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் விழுந்தால் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைநீர் தேங்கினால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே குறைந்தது ஒன்றரை மணி நேரம் விட்டு அட்டவணை கேளுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே பொருளை எடுத்தால் தயாரிப்பு பாதியாகக் குறையும்.

செமஸ்டர் முடியும்போது

வருகைப் பதிவேடு, அகமதிப்பீட்டுப் பட்டியல், வேலைப் பதிவேடு ஆகியவற்றை ஒப்படைக்கும் முன் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் நிலுவையில் இருந்தால் மாதவாரியாக மணி நேரக் கணக்கோடு ஒரு கடிதம் எழுதி, அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

அப்புறம் அனுபவச் சான்றிதழ். "நல்ல முறையில் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரி எதற்கும் உதவாது. சேர்ந்த தேதி, முடித்த தேதி, துறை, எடுத்த பாடங்களின் பெயர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஊதியம் எவ்வளவு, சேரும்போது உங்கள் கல்வித் தகுதி என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது முதல்வர் கையெழுத்தோடு மண்டல இணை இயக்குநரின் மேலொப்பமும் கேட்பார்கள். முதல்வர் மாறுதலாகிப் போய்விட்டால் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, புதியவரிடம் விளக்கிக் கையெழுத்து வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். எனவே ஏப்ரலில் கடைசித் தேர்வு நடக்கும் வாரத்திலேயே விண்ணப்பக் கடிதம் கொடுத்து, ஜூனில் அடுத்த அட்டவணை போடும் முன் சான்றிதழைக் கையில் வாங்கிவிடுங்கள்.